தெளிந்த புட்டிக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நுண்பால்மம் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எண்ணெய், தண்ணீர், சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருள் (ஆய்வகத்தில் சர்ஃபாக்டன்ட் என்போம்), சில சமயம் கொஞ்சம் ஆல்கஹால். இவை சேரும்போது பால் மாதிரி வெளுக்காமல் கண்ணாடி மாதிரித் தெளிந்து, வருடக்கணக்கில் பிரியாமல் நிற்கும் திரவம் அது. மைக்ரோ எமல்ஷன் என்றால் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவை ஆய்வகத்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் எழுதியவை, கேட்டிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: இதை எப்படி அளப்பது, அளந்ததை எந்த அளவுக்கு நம்புவது? அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக எஸ்.டி.எஸ். (சர்ஃபாக்டன்ட்), பியூட்டனால் (ஆல்கஹால்), டொலுவீன் (எண்ணெய்), உப்புத் தண்ணீர் நான்கையும் கலந்தேன். தெளிவாக வந்தது. "இது நுண்பால்மம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கைடு கேட்கிறார். தெளிவாக இருக்கிறதே என்றேன், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். (முதுகலை மாணவி, திருச்சி)

உங்கள் கைடு கேட்டது சரியான கேள்வி அம்மா. தெளிவு ஒரு அறிகுறி மட்டும்தான். துளியின் அளவு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் ஒளி அதிகம் சிதறாது, திரவம் தெளிவாகத் தெரியும். அந்த ஒளி 400 முதல் 700 நானோமீட்டர், நுண்பால்மத் துளி பெரும்பாலும் 5 முதல் 50 நானோமீட்டர், கணக்கு பொருந்துகிறது. ஆனால் தெளிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. அல்ட்ராசானிக் கருவி வைத்து அடித்து உண்டாக்கிய நானோ எமல்ஷனும் தெளிவாக இருக்கும், ஆனால் அது நாள் போகப் போகப் பிரியும். தண்ணீரில் கிளிசரினோ சர்க்கரையோ சேர்த்து அதன் ஒளிவிலகல் எண்ணை எண்ணெயின் எண்ணுக்குச் சமமாக்கிவிட்டால், மைக்ரான் அளவுள்ள பெரிய துளிகள் மிதக்கும் சாதாரணப் பால்மம் கூடத் தெளிவாகத் தெரியும். ஆல்கஹால் அதிகமாகிவிட்டால் துளி என்று ஒன்றுமே இல்லாமல், எல்லாம் ஒன்றோடொன்று கரைந்த வெறும் கரைசலாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? 1981-ல் டேனியல்சன், லிண்ட்மன் இருவரும் தந்த வரையறையைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள்: தண்ணீர், எண்ணெய், சர்ஃபாக்டன்ட் சேர்ந்த, எந்தத் திசையில் பார்த்தாலும் ஒளியியல் பண்பு மாறாத, வெப்ப இயக்கவியல்படி நிலையான ஒற்றைத் திரவம். இதில் சோதிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது நிலைத்தன்மை. இதற்குக் கருவியே வேண்டாம். அதே அளவுகளை வேறு வேறு வரிசையில் சேர்த்துப் பாருங்கள். முதலில் எண்ணெயில் எஸ்.டி.எஸ்., பிறகு தண்ணீர், இன்னொரு புட்டியில் தலைகீழாக. நுண்பால்மம் என்றால் எந்த வழியில் போனாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், நேரம் வேண்டுமானால் கூடக் குறைய ஆகும். பிறகு குளிரவைத்துப் பிரியவிடுங்கள், மறுபடி பழைய வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். தானாகத் தெளிந்தால் நல்லது. பிரிந்த நானோ எமல்ஷன் அப்படித் திரும்பி வராது, அதற்கு மறுபடி அடி வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றியும் பார்க்கலாம், ஆனால் அதில் தேறிவிட்டது என்பதை மட்டும் சான்றாக எழுதாதீர்கள், நல்ல நானோ எமல்ஷனும் தேறிவிடும்.

இரண்டாவது, திசை பார்க்காத தன்மை. இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்து நடுவில் புட்டியைப் பிடியுங்கள். இருட்டாகவே இருந்தால் சரி. ஒளி வந்தால் உள்ளே அடுக்கடுக்காகவோ குழல் குழலாகவோ அமைந்த திரவப் படிகம் இருக்கிறது என்று அர்த்தம். கனசதுர அமைப்புள்ள படிகமும் இருட்டாகத்தான் தெரியும், ஆனால் அது ஜெல்லி மாதிரி இறுகி நிற்கும், புட்டியைச் சாய்த்தாலே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு இரண்டு தாள்தான், ஆனாலும் இதைச் செய்யாமலேயே எழுதப்பட்ட ஆய்வறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன், அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

நீங்கள் எடுத்திருக்கும் நான்கு பொருள் கலவை பெயர்போனது. எடையில் டொலுவீனும் உப்புத் தண்ணீரும் தலா சுமார் 47 சதவீதம், எஸ்.டி.எஸ். 2, பியூட்டனால் 4 என்று வைத்து, தண்ணீரில் உள்ள உப்பை மட்டும் 3 சதவீதத்திலிருந்து 10 வரை ஏற்றி வரிசையாகச் சோதனைக் குழாய்களில் ஊற்றிப் பாருங்கள். உப்பு குறைவாக உள்ள குழாய்களில் கீழே நுண்பால்மம், மேலே மிச்ச எண்ணெய். சுமார் 5.4 சதவீதத்தைத் தாண்டினால் மூன்று அடுக்கு: மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் நுண்பால்மம். 7.4-ஐத் தாண்டினால் மறுபடி இரண்டு, இந்த முறை நுண்பால்மம் மேலே, மிச்சத் தண்ணீர் கீழே. வின்சர் 1948-ல் வகைப்படுத்திய மூன்று வகையும் ஒரே ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும். உப்பு ஏற ஏற எஸ்.டி.எஸ். தலைகளின் மின்னூட்டம் மறைக்கப்பட்டு, அது தண்ணீரை விட்டு எண்ணெய்ப் பக்கம் சாய்கிறது, அதுதான் காரணம். டொலுவீன் ஆவி நல்லதல்ல, ஃப்யூம் ஹூடுக்குள் வைத்துச் செய்யுங்கள், குழாய்களை மூடிவையுங்கள். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், கீழே மற்றவர்களுக்குப் பதில் சொல்லும்போதும் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

கேள்வி: எங்கள் சாம்பிளை டி.எல்.எஸ். (ஒளிச் சிதறலை வைத்துத் துளியின் அளவைக் கணிக்கும் முறை) அளவீட்டுக்கு வெளியே அனுப்பினோம். தண்ணீர் விட்டு நூறு மடங்கு நீர்த்து அளந்து, துளி விட்டம் 180 நானோமீட்டர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புட்டியில் தெளிவாக இருந்தது எப்படி 180 ஆகும்? (ஆய்வு மாணவர், கோவை)

ஆகாது. அவர்கள் அளந்தது நீங்கள் அனுப்பிய பொருளையே அல்ல.

வீட்டில் டெட்டால் புட்டி இருக்குமே. புட்டிக்குள் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. ஒரு மூடி எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகிறது? சட்டென்று பால் மாதிரி வெளுக்கிறது. உள்ளே இருந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தண்ணீரோடு போய்விட, அதுவரை கரைந்து நின்ற பைன் எண்ணெயும் மற்றதும் நிற்க இடமில்லாமல் பெரிய துளிகளாகப் பிரிந்துவிடுகின்றன. உங்கள் சாம்பிளுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது. துளியின் தோலில் எஸ்.டி.எஸ். மூலக்கூறுகளுக்கு நடுவே பியூட்டனால் செருகி நிற்கிறது, நூறு மடங்கு தண்ணீர் விட்டதும் அந்தப் பியூட்டனால் தண்ணீருக்குள் ஓடிவிடுகிறது, தோல் குலைகிறது. பாலைப் பத்து மடங்கு நீர்த்தாலும் கொழுப்புத் துளி அதே அளவில் இருக்கும், ஏனென்றால் அது பால்மம். நுண்பால்மம் சூழலோடு சமநிலையில் இருக்கிறது, சூழலை மாற்றினால் துளியும் மாறும். நீர்த்து அளந்ததை ஏற்றுக்கொள்ள முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

டி.எல்.எஸ். கருவி உண்மையில் துளியைப் பார்ப்பதில்லை, அதன் நடுக்கத்தைத்தான் பார்க்கிறது. லேசர் ஒளி துளிகளில் பட்டுச் சிதறி மின்னி மின்னி வருகிறது, சின்னத் துளி வேகமாக நகர்வதால் அந்த மினுக்கம் வேகமாக மாறுகிறது, பெரிய துளி என்றால் மெதுவாக. அதிலிருந்து விரவல் கெழு (துளி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) கிடைக்கிறது, ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் அதையும் வெப்பநிலையையும் சுற்றியுள்ள திரவத்தின் பாகுநிலையையும் போட்டால் ஆரம் வந்துவிடும். பாகுநிலையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பலர் கருவியில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரின் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் இருப்பது எண்ணெய் என்றாலோ, பியூட்டனால் கலந்த உப்புத் தண்ணீர் என்றாலோ, அந்தத் திரவத்தைத் தனியாகச் செய்து ஆஸ்ட்வால்டு விஸ்காமீட்டரில் அளந்த எண்ணைப் போடுங்கள்.

சிதறல் ஆரத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. அதாவது 50 நானோமீட்டர் தூசி ஒன்று, 5 நானோமீட்டர் துளிகள் பத்து லட்சம் சேர்ந்து சிதறவைக்கும் ஒளியைத் தனியாகவே சிதறவைக்கும். ஆகவே வடிகட்டாமல் அளக்காதீர்கள், 0.22 மைக்ரான் வடிகட்டி இதைவிடப் பெரிய தூசியையாவது நிறுத்திவிடும். தீவிரத்தை வைத்துப் போடும் வரைபடத்தில் பெரிய துளிப் பக்கம் ஒரு மலை தெரிந்தால் உடனே பயப்படவும் வேண்டாம், எண்ணிக்கையில் அது மிக அற்பமாக இருக்கலாம்.

சரி, நீர்க்காமல் அளந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், முழுக்க இல்லை. துளிகள் நெருங்கி இருக்கும்போது ஒன்றையொன்று தள்ளினால் வேகமாக நகர்வதுபோல் தெரிந்து ஆரம் உண்மையைவிடச் சின்னதாக வரும், ஒன்றையொன்று இழுத்தால் பெரிதாக வரும். செய்ய வேண்டியது இது: துளியைச் சுற்றியுள்ள திரவம் எதுவோ அதே கலவையைத் தனியாகத் தயாரித்து அதை வைத்து நீர்க்க வேண்டும். இந்த வழியை ஆய்வகத்தில் நீர்த்தல் கோடு என்போம். நான்கைந்து செறிவுகளில் அளந்து, செறிவு பூஜ்யத்தை நோக்கிப் போகும்போது ஆரம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். அந்த ஒற்றை எண்ணுக்கு ஒரு வாரம் ஆகும், ஆனால் எழுதத் தகுந்த எண் அதுதான். அந்தச் சமன்பாடு துளி இருக்கிறது என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மூன்று அடுக்கில் நடு அடுக்கை எடுத்து வைத்தாலும் கருவி ஏதோ ஒரு ஆரத்தைக் காட்டும், ஆனால் அங்கே துளியே கிடையாது, எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பெரிய கருவி எதுவும் இல்லை. கண்டக்டிவிட்டி மீட்டர், விஸ்காமீட்டர், அபே ரிஃப்ராக்டோமீட்டர் மட்டும்தான். இவற்றை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? (உதவிப் பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்)

நிறையச் செய்யலாம். மின்கடத்துத்திறன் ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தண்ணீர் தொடர்ச்சியாக இருந்தால் மின்சாரம் ஓடும். எண்ணெய்க்குள் தண்ணீர் தனித்தனித் துளிகளாக இருந்தால் ஏறக்குறைய ஓடாது. இடையில்தான் சுவாரசியம். ஏ.ஓ.டி. என்கிற சர்ஃபாக்டன்ட்டை (மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் டாக்குசேட் மருந்தும் இதுவேதான்) ஐசோ ஆக்டேனில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ வெப்பமோ ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டம் வரை மீட்டர் அசையாது, பிறகு சின்ன இடைவெளிக்குள் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று ஏறிவிடும். துளிகள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகி, அயனிகள் துளிக்குத் துளி தாவ ஆரம்பித்த கணம் அது. பெர்கொலேஷன் என்பார்கள். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

உப்பு வரிசையில் அளப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உப்பு ஏற ஏறத் தண்ணீரின் கடத்துத்திறனும் ஏறும், அதனால் நுண்பால்மத்தின் எண்ணை அந்தந்த உப்புத் தண்ணீரின் எண்ணால் வகுத்துப் போடவேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே கரைசலின் கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் மாறும், ஆகவே தண்ணீர்த் தொட்டி கட்டாயம். அயனி இல்லாத சர்ஃபாக்டன்ட் என்றால் தண்ணீரில் துளியூண்டு உப்பு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் உப்பு சேர்த்த பிறகும் நிலைமை வரைபடத்தில் (எந்தக் கலவையில், எந்த வெப்பநிலையில் எத்தனை அடுக்கு என்று காட்டும் படம்) எல்லைகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயம் விட்டுப் பார்ப்பதும் பழைய, நல்ல வழி. தண்ணீரில் கரையும் சாயம் வேகமாகப் பரவினால் தண்ணீர் வெளியே, சூடான் 3 மாதிரி எண்ணெய்ச் சாயம் பரவினால் எண்ணெய் வெளியே. ஆனால் எஸ்.டி.எஸ். வைத்து வேலை செய்பவர்கள் மெத்திலீன் புளூவைத் தொடாதீர்கள். அந்தச் சாயம் நேர்மின் அயனி, எஸ்.டி.எஸ். எதிர்மின் அயனி, இரண்டும் ஜோடி சேர்ந்து எண்ணெய்க்குள் போய்விடும். குடிநீரில் சோப்புப் பொருள் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையே இந்த ஜோடியைக் குளோரோஃபார்மில் இழுத்துத்தான் செய்யப்படுகிறது. பாடப்புத்தகத்தில் மெத்திலீன் புளூ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் செய்துவிட்டு, எல்லாம் எண்ணெய் வெளியே உள்ள வகை என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

பாகுநிலையும் ஒளிவிலகல் எண்ணும் தனியாகப் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆனால் கடத்துத்திறன் வளைவு வளையும் அதே இடத்தில் பாகுநிலை வளைவும் திரும்பினால் அங்கே அமைப்பு மாறுகிறது என்று நம்பலாம்.

கேள்வி: இடைமுக இழுவிசையை (எண்ணெயும் தண்ணீரும் தொடும் பரப்பில் உள்ள இழுவிசை) வளைய முறையில் அளந்தால் கருவி பூஜ்யம் காட்டுகிறது. கருவிப் பிழையா? (பெயர் வேண்டாம் என்று கேட்டவர்)

கருவியில் பிழை இல்லை, அது அந்த வேலைக்கு ஆனதல்ல. டொலுவீனுக்கும் தண்ணீருக்கும் இடையே இழுவிசை மீட்டருக்குச் சுமார் 36 மில்லிநியூட்டன். நுண்பால்மம் உண்டாகும் இடத்தில் அது நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிநியூட்டனுக்கு இறங்கிவிடும். இவ்வளவு இறங்கினால்தான் இந்தத் திரவமே சாத்தியம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 300 சதுர மீட்டர், அதாவது ஏழு சென்ட் நிலத்துக்கும் மேல். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்க்கு இவ்வளவு! 36 மில்லிநியூட்டனில் இந்தப் பரப்பை உண்டாக்கச் சுமார் 11 ஜூல் வேண்டும், தானாக நடக்கவே நடக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிநியூட்டன் என்றால் 0.0003 ஜூல் போதும், துளிகள் கலைந்து பரவுவதால் கூடும் என்ட்ரோபியே (ஒழுங்கின்மையே) அந்தச் செலவைக் கட்டிவிடும்.

இவ்வளவு சின்ன எண்ணை அளக்கச் சுழல் துளி முறைதான் வழி. 1942-ல் பெர்னார்ட் வானகட் சொன்னது (நான்கு வருடம் கழித்து, சில்வர் அயோடைடு தூவி மேகத்தில் பனிப்படிகம் உண்டாக்கலாம் என்று கண்டவரும் இவரே). மெல்லிய கண்ணாடிக் குழாயில் கனமான திரவத்தை நிரப்பி, அதில் லேசான திரவத்தின் ஒரு துளியைச் செலுத்தி, குழாயைப் படுக்கவைத்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றவேண்டும். துளி நடு அச்சுக்கு வந்து நீண்டு உருளையாகிறது. சுழற்சி அதை நீட்டப் பார்க்கிறது, இழுவிசை உருண்டையாக்கப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போன இடத்தில் உருளையின் ஆரத்தை அளந்தால் போதும். அடர்த்தி வேறுபாட்டைச் சுழல் வேகத்தின் வர்க்கத்தாலும் ஆரத்தின் கனத்தாலும் பெருக்கி நான்கால் வகுத்தால் இழுவிசை. நீளம் விட்டத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்கவேண்டும் என்பது விதி.

ஆரத்தின் கனம் என்றேனே, வினை அங்கேதான். ஆரத்தில் 5 சதவீதம் தவறினால் விடையில் 15 சதவீதம் தவறும். அதைவிட மோசமான ஒன்று, வெளித் திரவம் நிரம்பிய அந்தக் குழாயே ஒரு பூதக்கண்ணாடி, துளியின் விட்டத்தை ஏறக்குறைய அந்தத் திரவத்தின் ஒளிவிலகல் எண் அளவுக்குப் பெருக்கிக் காட்டும். தண்ணீர் என்றால் 1.33. இதைத் திருத்தாமல் விட்டால் விடை இரண்டே கால் மடங்குக்கும் மேல் போய்விடும். அப்புறம், புதிதாகக் கலந்த திரவங்களை வைத்து அளக்காதீர்கள். நாள்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று சமநிலை அடைந்த அடுக்குகளிலிருந்து எடுத்து அளக்கவேண்டும்.

கேள்வி: எண்ணெய்யையும் தண்ணீரையும் பார்க்க அணு உலைக்குப் போகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? (பிளஸ் டூ மாணவர், தூத்துக்குடி)

உண்மைதான் தம்பி. உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1978-ல் ஒரு கனநீர் ஆலை தூத்துக்குடியில்தான் தொடங்கியது. கனநீர் என்றால் தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ளது. வேதியியலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் நியூட்ரானுக்கு இரண்டும் முற்றிலும் வேறு. நியூட்ரான் அணுக்கருவில் பட்டுச் சிதறுவதை ஒரு நீளமாகச் சொல்வார்கள், ஹைட்ரஜனுக்கு அது மைனஸ் 3.74 ஃபெம்டோமீட்டர், டியூட்டீரியத்துக்கு பிளஸ் 6.67. ஒன்று மைனஸ், இன்னொன்று பிளஸ்!

இதனால் என்ன லாபம் பாருங்கள். சாதாரணத் தண்ணீரும் ஆக்டேன் மாதிரி சாதாரண எண்ணெய்யும் நியூட்ரான் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நிறம், கலவை முழுவதும் மங்கலாகத் தெரியும். தண்ணீருக்குப் பதில் கனநீர் ஊற்றினால் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பளிச்சென்று பிரிந்து தெரியும், துளியின் வடிவமும் அளவும் கிடைக்கும். எண்ணெயிலும் டியூட்டீரியம் போட்டுக் கனநீருக்குச் சமமாக்கிவிட்டால் இரண்டும் ஒரே நிறமாகி மறைந்துவிடும், நடுவில் உள்ள சோப்புத் தோல் மட்டும் தனியாகத் தெரியும். அதன் தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். ஒரே பொருளைக் கலைக்காமல், நிறம் மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான், நாற்பது வருடமாகியும் அந்த வியப்பு குறையவில்லை.

நம் நாட்டில் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் துருவா உலை இருக்கிறது, 100 மெகாவாட், 1985-ல் இயங்கத் தொடங்கியது. அதிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையைக் கொண்டு சிறுகோணச் சிதறல் (கற்றை சிறிய கோணங்களில் எவ்வளவு சிதறுகிறது என்பது) அளக்கிறார்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விண்ணப்பித்து நேரம் வாங்கலாம். கிடைக்கும் வளைவை விளக்கக் கணித மாதிரி வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் இரண்டுமே தொடர்ச்சியாகப் பின்னிக்கிடக்கும் வகைக்கு 1987-ல் டொய்ப்னர், ஸ்ட்ரே இருவரும் தந்த சமன்பாடுதான் வழக்கம். அதிலிருந்து இரண்டு நீளங்கள் கிடைக்கும்: தண்ணீரிலிருந்து அடுத்த தண்ணீருக்கு எவ்வளவு தூரம், அந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் வரை நீடிக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கனநீர் போட்டதும் நிலைமை வரைபடத்தின் எல்லைகள் ஓரிரண்டு டிகிரி கீழே இறங்கலாம். ஊரிலேயே கனநீரில் ஒருமுறை வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், உலையில் கிடைக்கும் இரண்டு நாளை வெப்பநிலை தேடுவதில் கழிக்காதீர்கள்.

கேள்வி: இத்தனை சுற்றுவழி எதற்கு? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு படம் எடுத்தால் முடிந்ததல்லவா? (வாசகர், சேலம்)

எடுக்கிறார்கள். ஆனால் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம், திரவத்தை அப்படியே வைக்க முடியாது, உறையவைக்க வேண்டும். மெதுவாக உறையவைத்தால் பனிக்கட்டி படிகமாகி எல்லாவற்றையும் நசுக்கிவிடும், கண்மூடித் திறப்பதற்குள் உறைய வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் போடலாமே என்று தோன்றும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுமே, அடியில் ஆவி மெத்தை மாதிரி தாங்குவதால். அதே மாதிரி சாம்பிளைச் சுற்றி நைட்ரஜன் ஆவி மூடிக்கொண்டு குளிரை உள்ளே விடாது. அதனால் மைனஸ் 180 டிகிரியை ஒட்டிய திரவ ஈத்தேனில் முக்குவார்கள். தண்ணீர் அதிகமுள்ள சாம்பிளுக்கு இது அருமை. எண்ணெய் அதிகம் என்றால் எண்ணெய்யே ஈத்தேனில் கரைய ஆரம்பிக்கும்! நுண்பால்மத்தைப் படம் எடுப்பதில் இப்படி முட்டுக்கட்டைகள் பல. 1988-ல் யான், ஸ்ட்ரே இருவரும் உறையவைத்து உடைத்த பரப்பைப் படமெடுத்து, எண்ணெயும் தண்ணீரும் கடற்பஞ்சு போலப் பின்னியிருப்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்டினார்கள். அப்படி ஒரு அமைப்பு இருக்கலாம் என்று ஸ்க்ரிவன் 1976-லேயே எழுதியிருந்தார்.

உறையவைக்காமலேயே அதே முடிவுக்கு வந்த வழி என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு). ஸ்வீடனில் லுண்ட் நகரில் லிண்ட்மன் குழு இதைச் செய்தது. காந்தப்புலச் சரிவைத் துடிப்பு துடிப்பாகக் கொடுத்து (ஸ்டெஸ்கல், டேனர் 1965-ல் வகுத்த முறை) ஒரு மூலக்கூறு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கலாம். தண்ணீரைத் தனியாக, எண்ணெய்யைத் தனியாக, சர்ஃபாக்டன்ட்டைத் தனியாக, ஒரே சாம்பிளில். சுத்தத் தண்ணீரின் விரவல் கெழு 25 டிகிரியில் நொடிக்கு 2,300 சதுர மைக்ரான். தண்ணீர் 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளிக்குள் அடைபட்டிருந்தால் துளியோடு சேர்ந்துதான் நகர முடியும், வேகம் ஒரேயடியாகப் பத்து மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். எண்ணெய் மட்டும் தன் வேகத்தில் ஓடும். இரண்டும் பின்னிக்கிடந்தால் இரண்டுமே தத்தம் இயல்பான வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் ஓடும். எது உள்ளே, எது வெளியே, அல்லது இரண்டுமே வெளியேவா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு எந்தக் கருவியும் தராது என்பது என் கருத்து.

கேள்வி: இதனால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன்? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கரையாது. பழைய எண்ணெய் வடிவத்தில் கொடுத்தபோது ஒருவர் உடம்பில் ஏறும் அளவு இன்னொருவருக்கு ஏறாது, சாப்பாட்டைப் பொறுத்தும் மாறும். கொஞ்சம் குறைந்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்காது, கூடினால் அதே சிறுநீரகம் கெடும். வயிற்றுக்குள் போனதும் நுண்பால்மமாக விரியும் புது வடிவம் 1990-களின் நடுவில் வந்தபின் அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்தது. துளியின் அளவை ஒழுங்காக அளந்ததால் கிடைத்த பலன் அது.

கேள்வி: காலையில் தெளிவாக இருந்த சாம்பிள் மதியம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அயனி இல்லாத சர்ஃபாக்டன்ட், உப்பு எதுவும் இல்லை. எடை போட்டதில் தப்பா? (ஆய்வு மாணவி, வேலூர்)

எடையில் தப்பு இருக்காது, மதியம் எத்தனை டிகிரி என்று பாருங்கள். எத்திலீன் ஆக்ஸைடு தலை உள்ள சர்ஃபாக்டன்ட்கள் சூடு ஏறினால் தண்ணீரை விட்டு எண்ணெய்ப் பக்கம் போகும், எஸ்.டி.எஸ்.ஸுக்கு உப்பு செய்வதை இவற்றுக்கு வெப்பம் செய்கிறது. தண்ணீர், ஆக்டேன், பன்னிரண்டு கார்பன் வாலும் ஐந்து எத்திலீன் ஆக்ஸைடும் உள்ள சர்ஃபாக்டன்ட் சேர்ந்த கலவை ஜெர்மனியில் அங்குலம் அங்குலமாக ஆராயப்பட்டது, அந்த சர்ஃபாக்டன்ட் எண்ணெய்ப் பக்கம் திரும்பும் இடம் சுமார் 32 டிகிரி. அங்கே ஆய்வகத்தில் அதற்குச் சூடு ஏற்ற வேண்டும், நமக்கு மின்விசிறியை நிறுத்தினாலே போதும். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது இரவில் ஏ.சி. நின்றுபோய், மூன்று வாரம் காத்து வைத்திருந்த முப்பது குழாய்களும் காலையில் வேறு வேறு நிலையில் நின்றன. அன்றிலிருந்து சாம்பிளின் பெயருக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதிவைப்பது பழக்கமாகிவிட்டது.

அந்தப் புட்டியைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் வைத்து 20 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள், ஒவ்வொன்றிலும் நன்றாகக் கலக்கிவிட்டு அடுக்கு தெளியும்வரை காத்திருங்கள், எத்தனை அடுக்கு, எது எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று குறியுங்கள். பிறகு அதே வழியில் இறங்கி வாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வெப்பநிலையில் மாறினால் அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதை வைத்தே தொடரலாம்.